ஸ்பிரிங் வாஷர் போட்டும் நட்டு ஏன் கழன்றது? ஒரு சின்ன வளையத்தின் வரலாறு



பாலம், பழைய காசு, சதுரங்கம் என்று கண்டதையும் எழுதிக்கொண்டிருந்தவன் இந்த முறை கையில் எடுத்திருப்பது ஒரு வாஷரை. ஆமாம், நட்டுக்கு அடியில் போடுகிறோமே, அதே வாஷர்தான். சிரிக்காதீர்கள். இதற்குப் பின்னால் இருநூறு வருடக் கதை இருக்கிறது. எங்கள் மாமாவின் உயிரும் கொஞ்சம் இருக்கிறது.

மாமா விசைப்படகில் டிரைவர். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை. தடைக்காலம் தொடங்குவதற்குச் சில நாள் முன்னால், கடைசி நடைகளில் ஒன்றில் நடந்தது இது. விடியற்காலை, வலையை ஏற்றிவிட்டுக் கரைக்குத் திரும்பும்போது இன்ஜின் சத்தம் மாறியிருக்கிறது. "டக் டக்" என்று தரையில் இடிப்பது போல ஒரு சத்தம். பலகையைத் தூக்கிப் பார்த்தால் அடித்தட்டில் தண்ணீர். இடப்பக்கத்து இன்ஜின் மவுண்டில் மேல் நட்டு ஒன்றைக் காணோம், இன்னொன்று விரலால் சுற்றினாலே சுற்றுகிறது. இன்ஜின் ஒரு பக்கம் சாய்ந்து, விசிறிக்குப் போகும் ஷாஃப்ட் கோணலாகி, ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் இருக்கும் கிளாண்டு தண்ணீரை உள்ளே விட ஆரம்பித்துவிட்டது. இன்ஜினை நிறுத்திவிட்டு வாளியால் இறைத்தபடியே, பக்கத்தில் வந்த படகில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நாலு பேரும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். காற்று கொஞ்சம் வேறு மாதிரி அடித்திருந்தால்? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கரையில் மெக்கானிக் அண்ணன் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஸ்பிரிங் வாஷர் போட்டுத்தானே இருக்கு? அப்புறம் எப்படிக் கழலும்?"

மெக்கானிக்கல் படிக்கிற மருமகன் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

திருகு ஒழுங்கான கதை

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 18ஆம் நூற்றாண்டு முடியும்வரை ஒரு போல்டும் அதன் நட்டும் ஜோடியாகவே பிறந்தன. ஒன்றின் நட்டு இன்னொன்றுக்கு ஏறாது. 1800ஐ ஒட்டிய வருடங்களில் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் திருகு வெட்டும் லேத் இயந்திரத்தைத் துல்லியமாகச் செய்து காட்டினார். அவருடைய பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் 1841ல் ஒரு யோசனையை முன்வைத்தார். இன்ன பருமன் போல்டுக்கு அங்குலத்துக்கு இத்தனை புரி, புரியின் கோணம் 55 பாகை என்று நாடு முழுவதும் ஒரே அளவு. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864ல் 60 பாகையில் இன்னொரு முறையைச் சொன்னார். இன்று நாம் கடையில் வாங்கும் எம் 10, எம் 12 மெட்ரிக் போல்டுகளுக்கும் அதே 60 பாகைதான்.

புரி ஒழுங்கானதும் போல்டு மலிவானது. மலிவானதும் எல்லா இடத்திலும் ஏறியது. பாலம், பாய்லர், தண்டவாளம், கப்பல். அங்கேதான் புதுத் தலைவலி ஆரம்பித்தது. ஆடாத கட்டடத்தில் போட்ட நட்டு அப்படியே கிடக்கிறது. ரயில் ஓடும் தண்டவாளத்திலும் நீராவி இயந்திரத்திலும் போட்ட நட்டு தானாகக் கழன்று விழுகிறது!

அதற்குக் கண்டுபிடித்த மருந்துகளில் ஒன்றுதான் ஸ்பிரிங் வாஷர். ஒரு எஃகு வளையத்தை ஓரிடத்தில் வெட்டி, இரண்டு முனையையும் கொஞ்சம் மேலும் கீழுமாக முறுக்கிவிட்டால் அது ஒற்றைச் சுற்று ஸ்பிரிங். ரஷ்யாவில் இன்றும் அதை "குரோவர்" என்றுதான் சொல்கிறார்கள். ஒரு ஆங்கிலேயரின் பெயர் அப்படியே பொருளின் பெயராகிவிட்டது.

அந்தக் காலத்துக்கு அது நல்ல மருந்துதான். அன்றைய போல்டு மென்மையான இரும்பு. அதை ரொம்ப இறுக்கவும் முடியாது, இறுக்கினால் இழுபட்டுவிடும். கீழே இருப்பதோ மரமும் கரடுமுரடான வார்ப்பும். மரம் காய்ந்து சுருங்கினால் இடைவெளி விழும். அந்த இடைவெளியை ஸ்பிரிங் வாஷர் எம்பி நிரப்பியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படகில் இன்ஜின் ஏறியது

இப்போது படகுக்கு வருவோம். 1886ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் நெக்கார் ஆற்றில் ஒரு சின்னப் படகில் பெட்ரோல் இன்ஜினை வைத்து ஓட்டினார்கள். பெட்ரோல் என்றால் வெடித்துவிடும் என்று ஜனங்களுக்குப் பயம். அதனால் படகைச் சுற்றி மின்கம்பியும் பீங்கான் குமிழும் கட்டி, மின்சாரத்தில் ஓடுவது போலத் தோற்றம் காட்டினார்களாம் :-)

1909ல் அமெரிக்காவின் மில்வாக்கியில், நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட் வெளியே மாட்டும் இன்ஜினை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒன்றரைக் குதிரைத்திறன், ஏறக்குறைய 28 கிலோ எடை. அவருக்கு முன்பும் சிலர் செய்திருந்தாலும், ஊர் ஊராகப் பரவியது இவருடையதுதான்.

உள்ளே வைக்கும் இன்ஜினை அந்த நாளில் நேராக மரச் சட்டத்தில் போல்டு போட்டு இறுக்கிவிடுவார்கள். நம்மூரில் "இன்ஜின் பெட்" என்கிறோமே, அதுதான். இன்ஜின் ஆடினால் படகு முழுக்க ஆடும், பல்லெல்லாம் கிடுகிடுக்கும். அதற்கு விடை கார் உலகத்திலிருந்து வந்தது. 1931ல் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளைமவுத் காரில் இன்ஜினை ரப்பர் மேல் உட்கார வைத்து, "மிதக்கும் சக்தி" என்ற பொருளில் பெயர் சூட்டி விளம்பரம் செய்தது. ரப்பர் மவுண்ட் பிறகு படகுக்கும் வந்தது.

நம் பக்கத்துக் கதை 1953ல் தொடங்குகிறது. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை மூன்றும் 1952ல் செய்த ஒப்பந்தத்தின்படி கொல்லம் அருகே நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வேஜியன் திட்டம் ஆரம்பமானது. துடுப்பும் பாயும் இருந்த இடத்தில் டீசல் இன்ஜின் வைத்த சிறு படகுகள் வந்தன. 1960களில் இறால் ஏற்றுமதி சூடுபிடித்ததும் விசைப்படகு தென்னிந்தியக் கரை முழுவதும் பரவியது. மரம் செதுக்கத் தெரிந்த கைகள் ஸ்பேனர் பிடிக்கவும் கற்றுக்கொண்டன. அந்தக் கைகளுக்கு ஸ்பேனரோடு சேர்ந்து வந்த பாடம்தான், "பிளேட் வாஷர் போடு, மேலே ஸ்பிரிங் வாஷர் போடு, இறுக்கு". தாத்தா அப்பாவுக்குச் சொன்னார், அப்பா மகனுக்குச் சொன்னார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

பூட்டும் வளையங்களின் குடும்பம்

ஸ்பிரிங் வாஷர் மட்டும் போதாது என்று மற்றவர்களுக்கும் தோன்றிக்கொண்டேதான் இருந்தது. அதனால் குடும்பம் பெருகியது.

1923ல் அமெரிக்காவின் இல்லினாய் டூல் ஒர்க்ஸ் நிறுவனம் பல் வைத்த வாஷரைக் கொண்டுவந்தது. வளையத்தைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள், ஒவ்வொன்றும் சற்று முறுக்கியிருக்கும். அவை நட்டையும் தகட்டையும் கடித்துப் பிடிக்கும்.

1930களில் நட்டின் தலையில் ஃபைபர் வளையம் பதித்த பூட்டு நட்டு வந்தது. பிறகு ஃபைபருக்குப் பதில் நைலான். இதுதான் நம் கடைகளில் கிடைக்கும் நைலாக் நட்டு. இரண்டாம் உலகப் போர் விமானங்களில் இந்த வகை ஏராளமாக ஏறியது.

1953ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் ஒரு திரவத்தை உருவாக்கினார். காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை அது திரவம். புரிக்குள் காற்றில்லாமல் உலோகத்தைத் தொட்டதும் கல்லாக இறுகும். அதுதான் லாக்டைட்.

இவற்றுக்கெல்லாம் மூத்தது ஸ்பிளிட் பின். போல்டில் துளை, நட்டில் கோட்டைச் சுவர் போல வெட்டு, நடுவில் ஒரு கம்பி. இது வேறு ஜாதி. நட்டு விழாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் இறுக்கம் குறையாமல் பார்த்துக்கொள்ளாது. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள உலகத்துக்கு ரொம்ப நாள் ஆனது.

கழல்வதற்கு உண்மையான காரணம்

எம் 12 போல்டின் புரி ஒரு சரிவுப் பாதை. வட்டமாகச் சுற்றி ஏறும் மலைப்பாதை மாதிரி. அந்தச் சரிவு 3 பாகைக்கும் கொஞ்சம் குறைவு. இவ்வளவு சின்னச் சரிவில் உராய்வே நட்டைப் பிடித்துவைக்கப் போதும். கணக்குப்படி நட்டு தானாகக் கழலவே கூடாது. ஆனால் கழல்கிறது. ஏன்?

1945ல் குடியர், ஸ்வீனி என்ற இருவர் போல்டை நீளவாக்கில் இழுத்து இழுத்து விட்டுச் சோதித்தார்கள். இழுக்கும்போது நட்டு லேசாக விரிந்து சுருங்குவதால் புரி கொஞ்சம் கொஞ்சமாகச் சறுக்குகிறது என்றார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சோதனையில் நட்டு திரும்பியது மிகக் கொஞ்சம். கையில் கழன்று வரும் நட்டுக்கு அது விளக்கமாகவில்லை.

சரியான விடை 1969ல் வந்தது. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் போல்டை நீளவாக்கில் இழுக்காமல், அது இறுக்கிப் பிடித்திருக்கும் தகட்டைப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆட்டியபடியே போல்டில் எவ்வளவு இறுக்கம் மிச்சம் இருக்கிறது என்று அளந்தார். இறுக்கம் மளமளவென்று சரிந்தது. நட்டு தானாகவே திரும்பிக் கழன்றது, யாரோ ஸ்பேனர் வைத்துத் திருப்புவது போல!

இதைக் கடற்கரைக்காரர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். மணலில் கிடக்கும் படகை நேராகத் தள்ளினால் நகராது. எல்லோரும் சேர்ந்து இடமும் வலமும் அசைத்துக்கொண்டே தள்ளினால் நகரும். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருக்கும் பொருளுக்கு முன்பக்கம் தடை கிட்டத்தட்ட இல்லாமல் போய்விடுகிறது. உராய்வு ஒரே நேரத்தில் இரண்டு திசையில் முழு பலத்தோடு நிற்காது. நட்டும் அப்படித்தான். பக்கவாட்டில் தகடு ஒரு முறை வழுக்கினால், அந்த நொடியில் புரியின் 3 பாகைச் சரிவில் நட்டு ஒரு மயிரிழை இறங்கிவிடும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும் டீசல் இன்ஜினில் எத்தனை மயிரிழை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே யுங்கர் சொன்னதன் சாரம் இதுதான். தகடு பக்கவாட்டில் வழுக்காத அளவுக்குப் போல்டு இறுக்கமாக இருந்தால் நட்டு கழலாது. வழுக்க ஆரம்பித்தால் ஸ்பிரிங் வாஷர் காப்பாற்றாது. அவர் அமைத்த அந்தச் சோதனை முறையை இன்றும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள்.

ஸ்பிரிங் வாஷர் மீது வந்த தீர்ப்பு

1990ல் அமெரிக்க விண்வெளி நிறுவனம் நாசா போல்டு, நட்டு, ரிவெட் எல்லாவற்றுக்கும் ஒரு கையேடு வெளியிட்டது. எழுதியவர் ரிச்சர்ட் பாரெட். ஸ்பிரிங் வாஷரைப் பற்றி அதில் தயவு தாட்சண்யமே இல்லை. இறுக்கும்போது ஸ்பிரிங் மாதிரி இருக்கிறது, முழுதாக இறுக்கியதும் தட்டையாகிவிடுகிறது, அதன் பிறகு அது சாதாரணப் பிளேட் வாஷருக்குச் சமம், பூட்டும் சக்தி கிடையாது என்பது அதன் சாரம். ஜெர்மனியும் ஸ்பிரிங் வாஷருக்கான தன் டிஐஎன் 127 தரநிலையைப் பின்னாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஏன் இப்படி ஆனது? இங்கேதான் முன்னால் நினைவில் வைக்கச் சொன்ன விஷயம். வாஷர் மாறவில்லை, போல்டு மாறிவிட்டது. இன்று 8.8 என்று தலையில் குத்தியிருக்கும் எம் 12 போல்டைச் சரியாக இறுக்கினால் அது மூன்றரை டன்னுக்கு மேல் பிடிக்கும். அதன் அடியில் இருக்கும் ஸ்பிரிங் வாஷர் அதில் மிகச் சிறு பங்கு சுமையிலேயே தட்டையாகப் படுத்துவிடும். மாட்டுவண்டியின் வில்லை லாரிக்கு அடியில் வைத்த மாதிரி. தாத்தா காலத்து மெல்லிய இரும்புப் போல்டுக்கு அது துணையாக இருந்தது. இன்றைய போல்டுக்கு அது வெறும் வளையம்.

1982ல் சுவீடனில் நார்ட்-லாக் என்ற நிறுவனம் தொடங்கியது. அவர்களுடைய வாஷர் இரண்டு துண்டு ஜோடி. வெளிப்பக்கங்களில் நுண்ணிய கோடுகள், ஒன்று நட்டையும் ஒன்று தகட்டையும் கவ்வும். உள்பக்கங்களில் ஆப்பு வடிவப் படிகள். அந்தப் படியின் சரிவு புரியின் சரிவைவிடக் கூடுதல். நட்டு கழலப் பார்த்தால் படியில் ஏறியாக வேண்டும், ஏறினால் வாஷர் தடித்துப் போல்டு இன்னும் இறுகும். கழல முயன்றால் இறுகும்! உராய்வை நம்பாமல் இறுக்கத்தையே பூட்டாக்கிய யோசனை இது.

இதெல்லாம் ஆய்வுக்கூட விவகாரம் என்று நினைக்காதீர்கள். 2002 மே 10 அன்று இங்கிலாந்தின் பாட்டர்ஸ் பார் ரயில் நிலையத்தருகே ரயில் தடம்புரண்டு 7 பேர் இறந்தார்கள். தண்டவாளம் பிரியும் இடத்தில் இரு தண்டவாளங்களின் இடைவெளியைக் காக்கும் தண்டுகளில் நட்டுகள் கழன்றிருந்தன. அதிர்வும், சரியில்லாத பராமரிப்பும். நட்டு சின்னதுதான்.

சரி, படகு மவுண்டில் என்ன செய்வது?

படித்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு தடைக்காலத்தில் மாமாவோடு படகில் இறங்கினேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கரையில் ஏற்றி வேலை பார்க்கும் காலம் அதுதான். மிச்சமிருந்த நட்டுகளைக் கழற்றிப் பார்த்தோம். ஒரு ஸ்பிரிங் வாஷர் துருப்பிடித்து இரண்டாக உடைந்திருந்தது. மற்றவை தட்டை. பிராக்கெட்டில் நட்டு உட்காரும் இடத்தில் தடியாகப் பெயின்ட், அது நசுங்கிப் பிதுங்கியிருந்தது. ஓரத்தில் இரும்பு பளபளவென்று தேய்ந்திருந்தது. வழுக்கிய அடையாளம்!

பெயின்ட் நசுங்கினால் என்ன என்று கேட்கலாம். 40 மில்லிமீட்டர் நீளம் பிடித்திருக்கும் எம் 12 போல்டைச் சரியாக இறுக்கினால் அது நீளுவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நீட்சிதான் இறுக்கம். பெயின்ட் அந்த அளவு நசுங்கினாலே இறுக்கம் முழுக்கப் போச்சு. இரண்டரை மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்பிரிங் வாஷர் உடைந்து விழுந்தால் கேட்கவே வேண்டாம். காப்பாற்றப் போட்டதே கவிழ்த்துவிடும்.

நான் படித்ததையும் மெக்கானிக் அண்ணன் அனுபவத்தில் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதல் இடம், மவுண்டின் அடிப்பாகம் இன்ஜின் பெட்டில் உட்காருவது. பெட் மரமோ ஃபைபரோ என்றால் எந்தப் பூட்டு வாஷரும் அங்கே வேலைக்காகாது. மென்மையான பொருளில் பல்லும் கோடும் கவ்வாது, மரம் அமுங்கும். முடிந்த இடத்தில் மர ஆணித் திருகை விட்டு, அடிவரை போகும் முழு போல்டு போட வேண்டும். அடியில் அகலமான கனத்த எஃகுத் தகடு. சுமை பரவினால் மரம் அமுங்காது. மேலே மவுண்டின் துளை நீளவாக்கில் இருக்கும், பக்கவாட்டில் நகர்த்துவதற்காக. அந்த நீளத் துளைக்கு மேல் கனத்த பிளேட் வாஷர் கட்டாயம். மெல்லிய வாஷர் துளைக்குள் குழிந்துவிடும்.

இரண்டாவது இடம், மவுண்டின் நட்டுக்குத்தாக நிற்கும் ஸ்டட். கீழே ஒரு நட்டு உயரம் சரிசெய்ய, மேலே ஒரு நட்டு இறுக்க, நடுவில் இன்ஜின் பிராக்கெட். மாமா படகில் கழன்றது இந்த மேல் நட்டுதான். இங்கே பிராக்கெட் எஃகு என்றால் ஆப்பு வாஷர் ஜோடி நன்றாகப் பிடிக்கும். ஜோடியைப் பிரித்துத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. படி உள்ள பக்கங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். அடியில் சும்மா சுழலக்கூடிய பிளேட் வாஷர் போட்டால் எல்லாமே சேர்ந்து சுழலும், பயனில்லை. நைலாக் நட்டு போட்டால் விழாது, ஆனால் இறுக்கம் குறையலாம். உயரம் சரிசெய்ய அடிக்கடி கழற்றி மாட்டும் இடம் என்பதால் நைலான் பிடி ஒவ்வொரு முறையும் தளரும். கழற்றினால் புதிது போடுவது நல்லது.

மூன்றாவது இடம், பிராக்கெட்டை இன்ஜின் பிளாக்கோடு சேர்க்கும் போல்டுகள். இங்கே லாக்டைட் பொருத்தம். ஆனால் புரியில் டீசலும் கிரீஸும் இருந்தால் பிடிக்காது, துடைத்துச் சுத்தம் செய்த பிறகே விட வேண்டும். ஸ்டெயின்லெஸ் போல்டில் அது இறுக நேரம் அதிகம் எடுக்கும்.

பல் வாஷரைப் பற்றி ஒரு வார்த்தை. அது கடிக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சு கிழியும். உப்புத் தண்ணீர் நிற்கும் படகின் அடித்தட்டில் துரு அங்கிருந்தே தொடங்கும்.

இறுக்கும் விதமும் முக்கியம். உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிய வேண்டும். மேல் நட்டை இறுக்கும்போது கீழ் நட்டில் இன்னொரு ஸ்பேனர் போட்டுப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டட் திரும்பி ரப்பர் முறுக்கிக்கொள்ளும். கைக்கு இறுகியது போலத் தோன்றும், உண்மையில் இறுகியிருக்காது. போன முறை நடந்தது இதுதான் என்று நினைக்கிறோம். பிராக்கெட்டை ஸ்டட்டில் ரொம்ப உயரத்தில் நிறுத்தக் கூடாது. உயரம் கூடினால் விசிறி தள்ளும் தள்ளு முழுவதும் ஸ்டட்டை நெம்பும். உயரம் வேண்டுமென்றால் மவுண்டுக்கு அடியில் எஃகுத் தகடு கொடுக்கலாம். எவ்வளவு இறுக்குவது என்பதற்கு மவுண்ட் செய்தவர்கள் கொடுத்த டார்க் எண்தான் கடைசி வார்த்தை. "என் கைக்குத் தெரியும்" என்பது கடைசி வார்த்தை அல்ல.

கடைசியாக அலைன்மென்ட். ஷாஃப்ட் கப்ளிங்கின் இரண்டு முகங்களுக்கு நடுவே ஃபீலர் கேஜ் வைத்துச் சுற்றிலும் பார்க்க வேண்டும். நாலு அங்குலக் கப்ளிங்கில் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுக் கணக்கு. ஒரு காகிதத்தின் கனம்! இதைக் கரையில் வைத்துப் பார்த்தால் போதாது. தண்ணீரில் இறக்கினால் படகின் உடம்பு கொஞ்சம் மாறும், அங்கே மறுபடி பார்க்க வேண்டும். ஷாஃப்ட் கோணலாக இருந்தால் அதுவே பக்கவாட்டில் ஆட்டும் கையாகிவிடும். பிறகு உலகத்து வாஷரையெல்லாம் போட்டாலும் நட்டு கழலத்தான் பார்க்கும்.

மாமா கேட்ட கேள்வி

எல்லாம் முடிந்ததும் மாமா கேட்டார். "ஏ மாப்ள, இவ்வளவு படிச்சியே, நடுக்கடல்ல நட்டு திரும்புதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? தினமும் ஸ்பேனர் போட்டுப் பாக்க முடியுமா?"

நல்ல கேள்வி. யுங்கரிடம் அளக்கும் கருவி இருந்தது, மாமாவிடம் இல்லை. ஆனால் அதற்கும் பழைய வழி ஒன்று இருக்கிறது. இறுக்கிய பிறகு நட்டின் மேலிருந்து பிராக்கெட் வரை நேராக ஒரு பெயின்ட் கோடு இழுத்துவிடுவது. நட்டு திரும்பினால் கோடு முறியும். டார்ச் அடித்தால் ஒரு நொடியில் தெரியும். பட்டறையில் பெயின்ட் தேடியபோது கிடைக்கவில்லை. மாமா மகளின் சிவப்பு நகப்பூச்சு கிடைத்தது. எட்டு நட்டுக்கும் அதுதான். (அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.)

புது ரப்பர் உட்காருவதற்காக, முதல் சில மணி நேரம் ஓட்டிய பிறகு ஒரு முறை நிறுத்தித் திரும்ப இறுக்கினோம். ஜூன் 15 அதிகாலை படகு போனது. திரும்பி வந்ததும் நான் மீனைப் பார்க்கவில்லை, பலகையைத் தூக்கிக் கோட்டைத்தான் பார்த்தேன். எட்டும் நேராக இருந்தன. மாமா இப்போதும் ஒவ்வொரு நடைக்கும் முன்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இன்ஜினைக் கிளப்புகிறார்.

நூறு வருடத்துக்கு முன்னால் சரியாக இருந்த ஒரு பாடம், அதைச் சரியாக்கிய காரணம் போன பிறகும் அப்படியே கைமாறி வந்துவிட்டது. குற்றம் தாத்தா மீது இல்லை, ஸ்பிரிங் வாஷர் மீதும் இல்லை. ஏன் என்று நடுவில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மெக்கானிக் அண்ணன் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவருக்கு என் நன்றி.

உங்கள் வீட்டு சைக்கிளோ, மோட்டாரோ, தையல் மெஷினோ, அடிக்கடி கழலும் நட்டு ஒன்று நிச்சயம் இருக்கும். அடுத்த முறை இறுக்கும்போது, அடியில் இருப்பது எது பக்கவாட்டில் வழுக்குகிறது என்று ஒரு தடவை பாருங்கள். விடை அங்கேதான் இருக்கும்.

மீண்டும் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம்.